ஊடகச் செயலாளரும் பத்தி எழுத்தும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகள் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் ஊடகச் செயலாளராக இருந்து, அண்மையில் விலகினேன். யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்று வாரப் பத்தி எழுதக் கேட்டிருக்கிறது. பழைய வேலையைச் சொன்னால் ‘கட்சி ஆள்’ என்று ஒதுக்கிவிடுவார்கள், சொல்லாமல் எழுது என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து என்ன?

வாசகர், பருத்தித்துறை

அன்புள்ள தம்பி,

சொல்லிவிட்டே எழுதுங்கள். யார் யாருடைய வாகனத்தில் திரிந்தார் என்பது இங்கே ஊரறிந்த விடயம். யாரிடம், எந்தக் காலத்தில் வேலை செய்தீர்கள் என்று பத்தியின் அடியில் ஒவ்வொரு வாரமும் ஒரு வரி வரட்டும்.

இந்த ஐயம் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி நிக்சனுக்கு உரை எழுதிய வில்லியம் சஃபயர் 1973இல் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்தியாளரானார். நிக்சனின் எதிர்க்கட்சிக்காரரான ஜனாதிபதி கார்ட்டரின் அரசில் வரவுசெலவுத்திட்டப் பணிப்பாளராக இருந்த பேர்ட் லான்ஸைப் பற்றிய பத்திகளுக்காக 1978இல் புலிட்சர் பரிசு பெற்றார். எதிர்த்தரப்பைத்தானே தாக்கினார் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால், தன் தொலைபேசியையே நிக்சன் நிர்வாகம் ஒட்டுக்கேட்டது தெரியவந்தபோது அதையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். நம்மிடையே, புளொட் என்ற தமிழ் ஆயுத இயக்கத்திலிருந்து வந்து ‘தராக்கி’ என்ற பெயரில் எழுதிய சிவராமை, 2005இல் கொழும்பில் அவர் கடத்திக் கொல்லப்படும்வரை, தெற்கிலும் வடக்கிலும் கவனமாக வாசித்தார்கள்.

என் கவலை வேறு. சொல்ல வேண்டியதை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற தகவலைப் பிறகு தேடும் பழக்கத்தை அரசியல் அலுவலகம் நமக்குள் ஊட்டிவிடுகிறது. அது போகும்வரை பத்தியைத் தள்ளிவைத்து, ஓராண்டாவது செய்தியாளராக அலையுங்கள் என்பேன். பக்கம் முடிக்கும் நேரத்தில், படத்தோடு, ‘வீதிப் புனரமைப்புக்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளதாக அவர் தெரிவித்துள்ளார்’ என்று வரும் அறிக்கை, ஒரு சொல்லும் மாறாமல் அச்சாகும் என்பது எழுதியனுப்பிய உங்களுக்குத் தெரியும். அமைச்சுக்கு முன்மொழிவு மட்டுமா போனது, அனுமதி கிடைத்ததா, பணம் பிரதேச செயலகத்துக்கு வந்ததா, கேள்விப்பத்திரம் கோரப்பட்டதா என்று அந்த மேசையில் எவரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால், தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். எந்தக் கோப்பு எந்த அலுமாரியில் இருக்கும் என்று தெரிந்த ஒருவர் அப்படி விண்ணப்பிப்பது நம் பத்திரிகைகளுக்குப் பெரிய பலம்.

காணி விடுவிப்புக்கும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் மனுக்கொடுக்க வந்த தாய்மார் உங்களை நம்பிச் சொன்னவற்றை மட்டும் தொடாதீர்கள். எழுதத்தான் வேண்டுமென்றால் அவர்களிடம் திரும்பப் போய், இப்போது செய்தியாளராக வந்திருக்கிறேன் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

முன்பு வேலை செய்தவரை அந்த ஓராண்டில் புகழவும் வேண்டாம், தாக்கவும் வேண்டாம். அவரைப் பற்றிய செய்தியை இன்னொருவர் எழுதட்டும். அங்கிருந்து பழைய உரிமையில், ‘இதைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ’ என்று அழைப்பு வரும். ஆசிரியபீடத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அழைப்பு வந்ததை ஆசிரியரிடம் அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.