விலக்கிய கோப்பு ஏன் திரும்ப வருகிறது?

அன்புள்ள ஐயா,

பாயான் லெப்பாஸில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு பழைய ஜாவா கோப்பை, நிரலைக் கட்டமைக்கும் மேவன் கருவியின் ‘எக்ஸ்குளூட்ஸ்’ (விலக்கு) பட்டியலில் சேர்த்தும் அது கம்பைல் ஆகி, அதாவது கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றப்படும் கட்டத்துக்குப் போய், பிழை காட்டுகிறது. என்றாவது தேவைப்படலாம் என்பதால் அழிக்க மனமில்லை. கிரேடில் என்ற வேறு கட்டமைப்புக் கருவிக்கு மாறிவிடலாமா?

வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

எந்தக் கோப்புகளைக் கம்பைலரிடம் நேராகக் கொடுப்பது என்பதை மட்டுமே அந்தப் பட்டியல் தீர்மானிக்கிறது. கொடுத்த கோப்புகளுள் ஏதேனும் ஒன்று விலக்கப்பட்ட கோப்பில் உள்ள வகுப்பை (கிளாஸ்) பயன்படுத்தினால், ஜாவா கம்பைலர் அதை மூலக் கோப்புகள் இருக்கும் பாதையில் தானே தேடியெடுத்துக் கம்பைல் செய்துவிடும். டைப்ஸ்கிரிப்ட் மொழியிலும், வேறொரு கோப்பு இம்போர்ட் செய்து பயன்படுத்தும் கோப்பை ‘எக்ஸ்குளூட்’ தடுக்காது. இதற்காகக் கிரேடிலுக்கு மாறுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். அந்தப் பேச்சை விடுங்கள்.

“அழிக்க மனமில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். 2018 ஜூன் 1 அன்று நம் மலேசியாவில் 6 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரி சுழியமாக்கப்பட்டபோது, கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், அந்த வரி திரும்பி வந்தாலும் வரலாம் என்று அதன் கணக்கீட்டுக் கோப்பை அழிக்காமல் விலக்குப் பட்டியலில் போட்டுவைத்தார்கள். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி பெரும்பாலான சேவைகளுக்கு 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆக உயர்ந்தது. அதை மாற்றும் பொறுப்பு வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் போயிற்று. அவர் ஆறைத் தேடினார், தெளிவான குறிப்புகளோடு அந்தப் பழைய கோப்பு முதலில் கிடைத்தது, எட்டாக்கினார். எந்தக் கோப்பும் அதைப் பயன்படுத்தாததால் கம்பைலர் அதைப் பார்க்கவே இல்லை. ஆகவே பிழையும் இல்லை, விலைப்பட்டியலில் மாற்றமும் இல்லை. பிற்பகல் முழுவதும் தன் அறிவையே சந்தேகித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் கடிந்துகொண்டவர், அந்தக் கோப்பை விலக்கிவைத்த அதே மனிதர்.

கம்பைலர் பார்க்காத கோப்பு, சுற்றியுள்ள நிரல் மாற மாறப் பொருந்தாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் தேடலில் மட்டும் தவறாமல் வந்து நிற்கும். படிப்பவர் அதை உயிருள்ள நிரல் என்றே நம்புவார். கோப்புகளின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் கிட் 2005 முதல் இருக்கிறது. அழித்த கோப்பு அதன் வரலாற்றில் பத்திரமாக இருக்கும். ஒரு கருவிக்காகவோ தளத்துக்காகவோ தற்காலிகமாக விலக்குவது வேறு. அதை நான் குறை சொல்லவில்லை. அழிக்கப் பயந்து விலக்குவது, அடுத்து வருபவரின் தலையில் வேலையைக் கட்டுவது.

உங்கள் கோப்பை இன்னும் ஏதோ ஒன்று பயன்படுத்துகிறது. கடிதம் எழுதிய நேரத்தில் அதைத் தேடியிருக்கலாம், தம்பி. இம்போர்ட் வரிகளை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே பேக்கேஜில் (வகுப்புத் தொகுப்பில்) இருந்தால் அந்த வரியே இராது, வகுப்பின் பெயரையே தேடுங்கள். அந்த இணைப்பை அறுத்து, கோப்பை அழித்து, ஏன் அழித்தீர்கள் என்பதைக் கிட்டில் அந்த மாற்றத்தோடு பதியும் கமிட் செய்தியில் எழுதுங்கள். முன்பு கம்பைல் ஆகி உருவான பழைய கிளாஸ் கோப்பு மேவனின் டார்கெட் கோப்புறையில் தங்கியிருக்கக்கூடும்; அதையும் துடைத்துவிட்டு முழுதாகக் கம்பைல் செய்து பாருங்கள்.