குழந்தை பிறந்த பிறகு எப்போது வேலைக்குத் திரும்பலாம்? – கேள்வி பதில்

வட சென்னை மணலியில் ஒரு தொழிற்சாலையில் 26 வருடம் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு பிள்ளைகள். இரண்டு தடவையும் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். இன்று மாலை முழுக்க இருக்கிறேன், கேளுங்கள்.

திருவொற்றியூர்: பிரசவத்துக்கு 3 வாரம் முன்பே விடுப்பு ஆரம்பித்துவிட்டேன். எப்போது திரும்ப வேண்டும்?

பேறுகால விடுப்புச் சட்டப்படி மொத்தம் 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன்னால் 8 வாரம் வரை எடுக்கலாம். உங்களுக்கு 3 போய்விட்டது, மீதி 23. இரண்டு குழந்தை ஏற்கெனவே இருந்து இது மூன்றாவது என்றால் மொத்தமே 12 வாரம்தான். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். 23 வாரம் என்பது ஐந்து மாதமும் சில நாளும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நீங்கள் திரும்பும்போது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்காது. நடுவில் விழும் அந்த மூன்று வாரத்துக்கு என்ன வழி என்று இப்போதே யோசியுங்கள். திரும்பும் தேதியை மேனேஜரிடம் வாயால் சொல்லி விடாதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

வியாசர்பாடி: பால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனால் கெட்டுவிடாதா?

சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அறை வெப்பம் என்று அவர்கள் சொல்வது 25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் ஷீட் போட்ட நம் வீடுகளில் அது எப்படி இருக்கும்? பீய்ச்சிய உடனே ஃப்ரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் உள்ளே தள்ளி வையுங்கள். எடுத்த பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கினால் போதும், அடுப்பில் நேராக வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மீந்ததைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள். வேலைக்குப் போகும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பாலாடையிலோ கிண்ணத்திலோ வேறொருவர் கொடுத்துப் பழக்குங்கள். அம்மா வாசனை பக்கத்தில் இருந்தால் குழந்தை அதைத் தொடாது.

எம்.சி. ரோடு, துணிக்கடை: முதலாளி "லீவெல்லாம் கிடையாது, குழந்தை வளர்ந்ததும் வா, பார்க்கலாம்" என்கிறார்.

தங்கை, முதலில் ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் பேறுகால விடுப்புச் சட்டம் உண்டு. பேறுகால விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்க முடியாது. சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால், தகுதி நாட்கள் இருந்தால், பேறுகாலப் பணம் இஎஸ்ஐதான் தரும், முதலாளி கையிலிருந்து போகாது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், பாதிப் பேர் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் தொழிலாளர் துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

திரும்பிய பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை கேட்கலாம். கடையில் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆபரேஷன் ஆன வயிற்றோடு பத்து மணி நேரம் நிற்காதீர்கள்.

பெரம்பூர், ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை): பேறுகால விடுப்பு 180 நாள் முடிகிறது, நீட்டிக்கலாமா?

மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள் உண்டு. மொத்தமாகத் தீர்த்துவிடாதீர்கள், பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போதும் வேண்டும்.

கொருக்குப்பேட்டை: என் மாமியார்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். மாதம் பணம் கொடுக்கலாமா? தப்பாக நினைப்பாரா?

கொடுக்கலாம் இல்லை, கொடுக்க வேண்டும்.

ராயபுரம், ஒரு தம்பி: பேரனைப் பார்க்க ஆயாவுக்குச் சம்பளமா? குடும்பம் என்ன கம்பெனியா?

பழைய வண்ணாரப்பேட்டை அம்மா: காசு வாங்கினால் நாளைக்கு மருமகள் அதிகாரம் செய்வாள். எனக்கு வேண்டாம்பா.

காசிமேடு அக்கா: பேத்திக்காக இட்லிக் கடையை மூடி ஒரு வருஷம் ஆகிறது. என் கையில் இருந்த காசுக்கு இப்போது மகனைக் கேட்க வேண்டியிருக்கிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தம்பி, அக்கா சொல்வதைப் படியுங்கள். என் அம்மா திருவொற்றியூர் கோயில் வாசலில் பூ விற்றவர். என் மூத்தவனுக்காக அந்த இடத்தை விட்டுவிட்டு வந்தார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போனபோது அங்கே வேறொருவர் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து பையனுக்குச் சோறு ஊட்டினார். நான் சம்பளம் வாங்கிய அத்தனை வருடமும் அவர் வருமானம் நின்றதால் வந்ததுதான். அதை அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை. இப்போதும் மனசு வலிக்கிறது.

நீங்கள் வேலைக்குத் திரும்பும் நாளில் வீட்டில் இன்னொருத்தி வேலையை விடுகிறாள். அவள் எப்போது தயார் என்று கேட்காமல் உங்கள் தேதியை முடிவு செய்யாதீர்கள். முட்டி வலியா, சர்க்கரையா, மாத்திரை நேரம் என்ன, ஓடும் குழந்தையைப் பிடிக்க முடியுமா என்று கேளுங்கள். கொருக்குப்பேட்டை தங்கை, முதல் தேதி அன்று உங்கள் கணவரே அவருடைய அம்மா கையில் கொடுக்கட்டும். அப்போது வண்ணாரப்பேட்டை அம்மா பயப்படுகிற அதிகாரப் பேச்சுக்கு இடமில்லை. ஞாயிறு முழுக்க அவருக்கு ஓய்வு. குழந்தை விழுந்து அடிபட்டால் ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது, அது உங்கள் கையில் இருக்கும்போதும் விழும்.

ராயபுரம் தம்பி: எங்க அம்மா கேட்கவே மாட்டாங்க.

கேட்க மாட்டார்கள் என்பதால்தான் நீங்களாகக் கொடுக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை: கம்பெனியில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் உண்டாமே?

உண்டு. ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கவும் அனுமதி உண்டு. கம்பெனி சொல்லும் காப்பகத்தை நேரில் போய்ப் பாருங்கள், மதியத் தூக்க நேரத்தில், சொல்லாமல் போங்கள்.

எண்ணூர்: மூன்றாம் மாதமா, ஆறாம் மாதமா, ஒரு வயதா, எது நல்லது?

இதே கேள்வி ஐந்தாவது தடவை வருகிறது. மாதத்தைக் கேட்காதீர்கள். குழந்தையை யார் பார்ப்பார்கள், அவர் தயாரா, பால் பழகியதா, இந்த மூன்றையும் பாருங்கள்.

மூலக்கொத்தளம்: குழந்தைக்கு இரண்டு மாதம். தினமும் அழுகை வருகிறது, தூக்கம் இல்லை. வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்கிறார் கணவர்.

வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம். நாளைக் காலையே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, பிரசவம் பார்த்த டாக்டரிடமோ போய் இதே வார்த்தையில் சொல்லுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இது பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் வரும் மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. இன்று இரவு தனியாக இருக்காதீர்கள்.

கொடுங்கையூர்: விடுப்பு எத்தனை வாரம் மேடம்?

முதல் பதிலைப் படியுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

காசிமேடு அக்கா: பேத்திக்கு ஒரு வயது முடிந்தது. பால்வாடியில் எப்போது விடலாம்?

இரண்டு வயதில் அங்கன்வாடியில் உட்கார வைக்கலாம். அதற்கு முன்பே பேர் பதிந்து சத்துமாவு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் போய் எந்த நேரத்துக்குத் திறக்கிறார்கள், எப்போது அனுப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதுவரை காலை ஆறிலிருந்து எட்டரை வரை பேத்தியை மகன் பார்க்கட்டும், நீங்கள் அடுப்பைப் பற்ற வையுங்கள். அந்த இடத்தை மட்டும் யாருக்கும் விட்டுவிடாதீர்கள் அக்கா.