பள்ளி வயதில் பிள்ளை இல்லாதவர்களும் அரசுப் பள்ளிக்கு ஏன் வரி கட்ட வேண்டும்?

அரசுப் பள்ளி என்பது எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கும் பள்ளி. அதனால்தான் அரசியல், பொருளாதாரம் என்று பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வருகிறது. நியாயமான கேள்விதான்.

படிப்பின் பலன் படித்தவரோடு நின்றுவிடுவதில்லை. மருந்தின் அளவைச் சரியாகக் கணக்கிடும் செவிலியர், வரவு செலவு புரிந்து ஓட்டுப் போடும் வாக்காளர், நாளைக்கு வரி கட்டப்போகும் தொழிலாளி என்று எல்லோரும் ஏதோ ஒரு வகுப்பறையிலிருந்துதான் வருகிறார்கள். தெருவிளக்கு மாதிரி இது. கம்பம் யார் வாசலில் நின்றாலும், அந்த வழியில் போகிற எல்லோருக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு; எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பிற்காலத்தில் சம்பாதித்துத் திருப்பித் தருகிறேன் என்று ஆறு வயதுக் குழந்தை கடன் வாங்க முடியாது. செலவு முழுவதையும் பெற்றோர் தலையில் வைத்தால், குழந்தை எதுவரை படிக்கும் என்பதை வீட்டின் வருமானமே முடிவுசெய்துவிடும். அது அநியாயம். 1948-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவும் தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

அப்புறம், இலவசக் கல்வி என்றால் செலவே இல்லாத கல்வி என்று பலர் நினைக்கிறார்கள். ஆசிரியர் சம்பளம், கட்டடம், புத்தகம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு, அதைப் பள்ளி வாசலில் கேட்காமல் வரியாக வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.