கிரில் அடுப்பில் சிடார் மரப் பலகையில் வைத்து சால்மன் மீனைச் சுடும்போது மேலே பூசிய இனிப்புப் பாகு கருகிவிடுகிறது, நடுவில் மீன் வேகவில்லை. எங்கே தவறு?

பாகை முதலிலேயே பூசிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு முறையும் மேலே கசப்பான கறுப்பு ஏடு, உள்ளே பச்சை மீன்.

பலகை வாணலியைப் போல வேலை செய்வதில்லை. நெருப்புக்கும் மீனுக்கும் நடுவே நின்று நேரடிச் சூட்டைத் தடுக்கிறது. அதனால் அடிப்பக்கம் முறுகாது, தோலும் மொறுமொறுப்பாகாது. அடுப்பின் மூடிக்குள் சுழலும் சூடும், ஈரப் பலகையின் ஆவியும் புகையும் சேர்ந்துதான் மீனை மெதுவாக வேகவைக்கின்றன. அந்த 15, 20 நிமிடமும் மேலே இருக்கும் சர்க்கரை சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது. சாதாரணச் சர்க்கரை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் நிறம் மாறத் தொடங்கும். தேனில் மிகுதியாக உள்ள ஃபிரக்டோஸுக்கு 110 டிகிரியே போதும். தேன் பாகு முந்திக்கொண்டு கருகுவது இதனால்தான். மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் மேப்பிள் சிரப் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

நான் இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். மூன்று கரண்டி மேப்பிள் சிரப், இரண்டு கரண்டி சோயா சாஸ், ஒரு கரண்டி கடுகு விழுது. இவற்றைச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, கரண்டியின் முதுகில் படியும் பதத்தில் இறக்கிவிடுவேன். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் பிசினாக இறுகிவிடும்.

மீனை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்புக் கரைத்து 15 நிமிடம் ஊறவைப்பேன். வேகும்போது மேலே கசியும் வெள்ளைக் கட்டி, அதாவது அல்புமின் என்ற புரதம், இதனால் வெகுவாகக் குறைகிறது. பிறகு ஈரம் போக நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரமான மீனில் பாகு ஒட்டாமல் வழிந்துவிடும். இந்தத் துடைப்பில் மட்டும் சோம்பல் கூடாது.

பலகை எந்த ரசாயனமும் ஏற்றாத, சமையலுக்கென்றே விற்கும் சிடாராக இருக்கட்டும். கட்டுமான மரமும் பிசின் வடியும் பைன் மரமும் வேண்டவே வேண்டாம். மரம் மிதக்கும் என்பதால் மேலே கனமாக எதையாவது வைத்து இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் ஆழமாக உள்ளே போவதில்லை. பலகை தீப்பற்றுவதைத் தள்ளிப்போடவே இந்த ஊறல்.

கிரில் அடுப்பு 190 முதல் 200 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெறும் பலகையை அதில் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். மணம் எழுந்ததும் அதைத் திருப்பி, சூடான பக்கத்தில் தோல் கீழே இருக்கும்படி மீனை வைத்து மூடுங்கள். ஓரம் தீப்பிடித்தால் பதற வேண்டாம். தண்ணீரைத் தெளித்துவிட்டு, பலகையைச் சூடு குறைந்த பக்கம் நகர்த்தினால் போதும்.

இனி உங்கள் கேள்விக்கான இடம். மீனின் தடித்த பகுதியில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 43, 44 டிகிரி காட்டும்போது முதல் பூச்சு, இரண்டு மூன்று நிமிடம் கழித்து இரண்டாம் பூச்சு. அந்தக் கடைசி ஐந்து நிமிடத்திலேயே பாகு பளபளவென்று படிந்துவிடும். 51 டிகிரியில் இறக்குவேன். வெளியே வைத்த பிறகும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். பண்ணையில் வளர்க்காமல் இயற்கை நீரில் பிடித்த, கொழுப்புக் குறைந்த சால்மன் என்றால் இன்னும் கொஞ்சம் முன்பே இறக்கிவிடுவேன். அமெரிக்க உணவுப் பாதுகாப்புப் பரிந்துரை 63 டிகிரி. கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் நானும் அதுவரை வேகவைக்கிறேன். சதை சற்று உலர்ந்தாலும் பரவாயில்லை.

பரிமாறும்போது தோல் பலகையோடு ஒட்டியிருக்கும். தட்டைக் கரண்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே செலுத்துங்கள். சதை முழுசாக எழுந்து வரும், தோல் பலகையிலேயே தங்கிவிடும்.