வனக் குழுவில் கையெழுத்து மட்டும்தான் கேட்கிறார்களா?

மலைக் கிராமத்து வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் ஊருக்குச் சமூக வன வள உரிமை, அதாவது ஊர்க் காட்டை ஊரே காத்து நிர்வகிக்கும் உரிமை, கிடைத்திருக்கிறது. மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். ஆனால் கூட்டம் நடப்பதே தெரியாது. நோட்டு வீடு தேடி வரும், கையெழுத்துப் போடுவேன். நெல்லிக்காயையும் சீமாறையும் யாருக்கு, என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிகிறது. நான் என்ன செய்யலாம்?"

நீங்கள் போகாத கூட்டத்துக்கு இனிமேல் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்குக் கணக்கில் குறை வந்தால் அந்தக் கையெழுத்துதான் உங்களுக்கு எதிராகப் பேசும்.

குழுவில் பேச விடவில்லையா? கிராம சபையில் பேசுங்கள். வன உரிமைச் சட்டப்படி குழுவை அமைப்பதும் கண்காணிப்பதும் கிராம சபைதான். 2012இல் திருத்தப்பட்ட விதிகளில் 4ஆம் விதி தெளிவாக இருக்கிறது: விளைபொருளைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு, விற்ற பணத்தின் செலவு, மேலாண்மைத் திட்டத்தில் மாற்றம், இவை பற்றிக் குழு எடுக்கும் முடிவுகளுக்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும்.

சரி, சட்டம் இவ்வளவு சொல்லியும் ஏன் நடப்பதில்லை? பெண்கள் காட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால் முடிவு நாலு பேர் கைக்குப் போய்விடும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டாலோ, கூட்டம் கூடுவதற்கு முன்பே விலை முடிந்துவிடும். அதனால் பறிப்பு தொடங்கும் முன்பே, பெண்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில், விலையைப் பேசச் சபையைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தனியாக வேண்டாம், சேகரிக்கப் போகும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கொடுங்கள். போன பருவத்துக் கணக்கைச் சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேந்தா லேகா, 2009இல் சமூக வன உரிமை பெற்ற ஊர். 2011இல் மூங்கிலுக்கான அனுமதிச் சீட்டுப் புத்தகம் கிராம சபையின் கைக்கே வந்தது. அங்கே ஒரு விஷயத்தை முதலில் சிறு படிப்பு வட்டங்களில் அலசுவார்கள். பிறகு சபையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவார்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கத் தயங்கும் பெண்களுக்கு இந்த முன்பேச்சு பெரிய பலம். உங்கள் ஊரிலும் இதைத் தொடங்குங்கள்.

இன்னொன்று, உங்கள் குழுவை அமைத்த தீர்மானத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து நடத்திய பழைய கூட்டு வன மேலாண்மைத் திட்டத்தின் கிராம வனக் குழுவையே பெயர் மாற்றி நடத்துகிறார்கள் என்றால், கிராம சபை புதிதாக ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.