அமெரிக்க அரசியல்வாதி ஐசக் ஸ்டீபன்சன் முழு டேர்முக்கு செனட்டுக்கு (நாடாளுமன்ற மேலவைக்கு) தேர்வானது 1908லயா 1909லயா?

ரெண்டு வருஷத்துக்கும் காரணம் இருக்கு, ஆனா உங்க கட்டுரைல "செனட்டுக்குத் தேர்வானது"ன்னு போட 1909ஐ எடுத்துக்கோங்க. 1908 செப்டம்பர்ல அவரோட மாநிலமான விஸ்கான்சின்ல நடந்தது கட்சி பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல், அதுல ஜெயிச்சாரு, ஆனா 1913ல செனட்டரை மக்களே நேரடியா தேர்ந்தெடுக்கிற மாதிரி அரசியலமைப்போட 17வது திருத்தம் வர்ற வரைக்கும் செனட்டரை சட்டப்படி தேர்ந்தெடுத்தது மாநில சட்டசபைதான், அங்க இழுத்துக்கிட்டே போயி 1909 மார்ச்லதான் முடிஞ்சுது.

இழுத்ததுக்குக் காரணம் பணம். மரத்தொழில்ல பெரும் பணக்காரரான அவரு பிரைமரிக்கு மட்டும் ஒரு லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணிருந்தாரு. அந்தக் காலத்துல அது சாதாரணத் தொகையே இல்ல. செனட் விசாரிச்சு, 1912ல 40க்கு 34ன்னு ஓட்டு விழுந்துதான் பதவி தப்பிச்சுது, இதைக் கட்டுரைல விட்டுறாதீங்க.

ஒண்ணு செக் பண்ணுங்க: பதவி தொடங்கின வருஷம் 1907ன்னு இருக்கணும். ஸ்பூனர்ங்கற விஸ்கான்சின் செனட்டர் ராஜினாமா பண்ணின இடத்துக்கு அப்பவே வந்துட்டாரு, 1909ல கிடைச்சது முழு டேர்ம்.

அப்புறம், சாமுவேல் ஸ்டீபன்சன்னு தம்பி ஒருத்தர், அவரும் மரத்தொழில்தான், மிச்சிகன்லேர்ந்து கீழவை உறுப்பினர். நீங்க எடுத்த குறிப்புல 1889–1897ன்னு இருந்தா அது தம்பியோடது.