ஏரிக்கரை மேல அம்மாவோட ஒரு சாயங்காலம்

கேள்வி: எங்க அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி இருக்கு, படி ஏறினா ரெண்டு நாள் படுத்துடுவாங்க. பையனுக்கு 5 வயசு, ஒரு இடத்துல நிக்க மாட்டான். ரெண்டு பேரையும் சேர்த்து கூட்டிட்டு போற மாதிரி இடமே அமைய மாட்டேங்குது. வேடந்தாங்கல் போலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். ரொம்ப நடக்கணுமா, அம்மாவால முடியுமா? (தாம்பரத்துல இருந்து ஒரு வாசகி)

பதில்: தாராளமா கூட்டிட்டு போங்கம்மா. அங்க நடக்கறதுன்னா ஏரிக்கரை மேல நடக்கறதுதான், ஏத்தம் இறக்கம் எதுவும் இல்லாம சமமா இருக்கும், ஒரு பக்கம் தண்ணி, தண்ணிக்குள்ளேயே மரம், மரம் பூரா பறவை. வாட்ச் டவர்ல மட்டும் படி இருக்கு, அதுல அம்மா ஏறவே வேணாம், கரையில நின்னாலே எல்லாம் தெரியும், ஏன்னா இதெல்லாம் சிட்டுக்குருவி சைஸ் இல்ல, நாரையும் கூழைக்கடாவும் ஆள் கண்ணுக்கு தூரத்துலயே தெரியற பறவைங்க. பைனாகுலர் இருந்தா எடுத்துக்கோங்க, இல்லன்னா அதுக்காக ட்ரிப்பை தள்ளிப் போடாதீங்க.

என் அனுபவத்துல சொல்றேன், கரை முழுக்க நடந்து முடிக்கணும்னு நினைக்காதீங்க. கொஞ்ச தூரம் போய் நல்லா கூடு தெரியற ஒரு மரத்தை புடிச்சுக்கோங்க, அதையே அரைமணி நேரம் பாருங்க. நான் என் மாமியாரை ஒரு ஜனவரி மாசம் கூட்டிட்டு போயிருந்தேன், அவங்களுக்கும் முட்டி பிரச்சினைதான். மதிய வெயில் இன்னும் இறங்கல, ஒரு நத்தைக்குத்தி நாரை கூட்டு மேல றெக்கைய ரெண்டு பக்கமும் விரிச்சு அப்படியே நின்னுட்டிருந்துச்சு. முதல்ல எதுக்கு இப்படி நிக்குதுன்னு புரியல. அப்புறம் பார்த்தா அது நிழல்ல ரெண்டு குஞ்சு. மாமியார் "முந்தானைய விரிச்சு புள்ளைக்கு வெயில் மறைக்குது பாரு"ன்னாங்க, அதுக்கப்புறம் அவங்கள அந்த இடத்தை விட்டு கிளப்பவே முடியல.

பையனுக்கும் அந்த நாரையையே காட்டுங்க. அதோட அலகு மூடினாலும் நடுவுல ஒரு இடுக்கு தெரியும், குஞ்சுக்கு அந்த இடுக்கு இருக்காது, வளர வளரத்தான் வரும். எது அம்மா எது பாப்பான்னு அலகை வச்சு கண்டுபிடிடான்னு சொல்லிட்டீங்கன்னா போதும், அவன் ஓட மாட்டான். அடுத்தது கரண்டிவாயன், அலகு நுனி நிஜமாவே சப்பட்டையான கரண்டி மாதிரி இருக்கும். பாம்புத்தாரா தண்ணில உடம்பை முக்கிட்டு கழுத்தை மட்டும் நீட்டிட்டு போகும்போது பாம்புன்னே நினைச்சுடுவான்.

கேள்வி: காலையில போறதா, சாயங்காலமா? எந்த மாசம் நல்லது? (அதே வாசகி)

பதில்: நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சீசன், குஞ்சுங்கள பார்க்கணும்னா ஜனவரி, பிப்ரவரி. குடும்பமா போறவங்களுக்கு நான் சாயங்காலம்தான் சொல்வேன், 4 மணிக்கு மேல இரை தேடப் போன கூட்டமெல்லாம் வரிசை வரிசையா திரும்பி வந்து மரத்துல இறங்கும், அந்த சத்தத்தையும் சேர்த்து கேட்கணும். ஜிஎஸ்டி ரோட்டுல செங்கல்பட்டு தாண்டி படாளம் கூட்ரோட்டுல வலது பக்கம் திரும்பணும், சென்னையில இருந்து மொத்தம் 80 கிலோமீட்டர் கிட்ட. கிளம்பறதுக்கு முன்னாடி ஏரியில தண்ணி இருக்கான்னு கட்டாயம் விசாரிச்சுக்கோங்க. வடகிழக்கு பருவமழை சரியா பெய்யலன்னா ஏரி காய்ஞ்சிடும், தண்ணி இல்லன்னா பறவை கூடு கட்டாது. மரத்தைச் சுத்தி தண்ணி நிக்கறதுதான் அதுங்களுக்கு அகழி மாதிரி, கீழ இருந்து எதுவும் ஏறி முட்டைய எடுக்க முடியாது.

கேள்வி: என் பசங்க ரொம்ப சத்தம் போடுவாங்க, பறவை பயந்து போயிடாதா? ஊர்க்காரங்க திட்டுவாங்களா? (மதுராந்தகத்துல இருந்து ஒரு அப்பா)

பதில்: சாதாரணமா பேசினா ஒண்ணும் ஆகாதுங்க, கத்தறது, கல்லு எறியறது, ஸ்பீக்கர்ல பாட்டு போடறது இதெல்லாம் கூடவே கூடாது. அங்க பக்கத்துல இருக்கற ஜனங்க தீபாவளிக்குக்கூட பட்டாசு வெடிக்கறதில்ல, இதை உங்க பசங்க கிட்ட வண்டியிலேயே சொல்லிடுங்க, அந்த ஊர் பசங்களும் உங்கள மாதிரி பசங்கதானே, அவங்களே பறவைக்காக பட்டாசு சத்தத்தை விட்டுக்கொடுக்கறாங்கன்னு. அந்தக் காலத்துல வெள்ளைக்கார சிப்பாய்ங்க இங்க பறவைய சுட்டப்போ ஊர்க்காரங்க போய் முறையிட்டாங்கன்னு சொல்வாங்க, 1798-ல செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் இந்த ஏரி பறவைங்கள யாரும் தொடக்கூடாதுன்னு எழுதியே கொடுத்தார். சட்டம், சரணாலயம், 2022-ல கிடைச்ச ராம்சர் அந்தஸ்து (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம்) எல்லாம் அதுக்கு ரொம்ப பின்னாடி வந்தது. பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு நல்ல உரம்னு அந்த விவசாயிங்களுக்கு அப்பவே தெரியும், அதனால இது அவங்க வீட்டு சொத்து மாதிரி. அதை நினைச்சுக்கிட்டு சிப்ஸ் கவர், தண்ணி பாட்டில் எல்லாம் திரும்ப பையில போட்டு எடுத்துட்டு வாங்க, ப்ளீஸ்.

கேள்வி: பக்கத்துல கரிக்கிலின்னு ஒண்ணு இருக்காமே, அதையும் சேர்த்து பார்த்துடலாமா? (காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: பறவை ஆர்வம் இருக்கறவங்க காலையில கரிக்கிலி, சாயங்காலம் வேடந்தாங்கல்னு வச்சுக்கலாம். கரிக்கிலியில கூட்டம் கம்மி, வாத்து வகைங்க நல்லா பார்க்கலாம், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் குளிர்காலத்துக்கு வந்து இறங்கும். ஆனா வயசானவங்களும் குழந்தையும் கூட வர்றாங்கன்னா ஒரே ஏரி போதும்ங்க. மடக்கற ஸ்டூல் ஒண்ணு வண்டியில போட்டுக்கோங்க, தொப்பி, தண்ணி, அம்மாவோட மாத்திரை மறக்காதீங்க.